மும்பைக்குள்ளே ஒரு காடு! மின்சார ரயிலில் போய் வரலாம்

விடியற்காலை 5 மணிக்குக் குழாயடியில் குடம் வரிசை. 8 மணிக்கு மின்சார ரயிலில் மூச்சு முட்டும் நெரிசல். இரவில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கை. மும்பையில் பிழைக்க வந்த தமிழர்களில் பலருக்கு வாரத்தில் ஆறு நாட்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்து, சாமான் வாங்கி, கொஞ்சம் கண் அயர்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். "எங்கேயாவது கூட்டிப் போங்கப்பா" என்று பிள்ளைகள் கேட்டால் ஜுகு கடற்கரைதான் நினைவுக்கு வரும். அங்கே போனால் பேல்பூரி, பலூன், ஐஸ்கிரீம் என்று பையில் இருக்கும் பணம் கரைந்துவிடும்.

இதே நகரத்துக்குள் சிறுத்தை உலாவும் காடு ஒன்று இருக்கிறது. இளஞ்சிவப்புப் பறவைகள் ஆயிரம் ஆயிரமாக வந்து இறங்கும் கழிமுகம் ஒன்று இருக்கிறது. தாராவியை ஒட்டி, குப்பை மேட்டில் வளர்ந்த சோலை ஒன்றும் இருக்கிறது. மூன்றுக்கும் மின்சார ரயிலில் போகலாம். சோற்றைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

மும்பையில் 20 ஆண்டு, 30 ஆண்டு குடியிருப்பவர்களில் கூடப் பலர் இவற்றை எட்டிப் பார்த்தது இல்லை. "அதெல்லாம் வசதி படைத்தவர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு போகிற இடம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் இந்தக் காட்டோடும் கழிமுகத்தோடும் அன்றாடம் ஒட்டி வாழ்கிறவர்கள் குடிசையிலும் சாலிலும் இருக்கும் மக்கள்தான். காடு நன்றாக இருந்தால் அவர்களுக்கு லாபம். கெட்டால் முதல் அடி அவர்களுக்கே.

மலையில் விழும் மழைத்தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறதோ, அந்த வழியிலேயே மூன்று இடங்களையும் பார்த்துக்கொண்டு போகலாம்.

38 கிண்டி!

சென்னையில் உள்ள கிண்டி தேசிய பூங்கா நகரத்தின் நடுவே மான்கள் துள்ளும் இடம். அதன் பரப்பு 2.7 சதுர கிலோ மீட்டர். மும்பையின் வடக்கே உள்ள சஞ்சய் காந்தி தேசிய பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோ மீட்டர். கிண்டியைப் போல் 38 பூங்காக்களை இதற்குள் அடக்கிவிடலாம்!

போரிவிலி ரயில் நிலையத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் நடந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் பூங்காவின் வாசல் தெரியும். இந்தக் காட்டுக்கு மேற்கே போரிவிலி, மலாடு, கோரேகாவ். கிழக்கே பாண்டுப், முல்லுண்டு, தானே. சுற்றிலும் மாடி வீடுகளும் குடிசைகளும் நெருக்கிக்கொண்டு நிற்க, நடுவில் மலையும் காடுமாக அது கிடக்கிறது.

வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். லாரிச் சத்தம் அடங்கிவிடும். மூங்கில் புதர் உரசும் ஓசை கேட்கும். புள்ளிமான், கடமான், மந்தி, முள்ளம்பன்றி, மரநாய், முயல் அளவே உள்ள சருகுமான் எல்லாம் இங்கே உண்டு. இவற்றில் பல இரவில்தான் வெளியே வரும். பகலில் போகிறவர்கள் மான்களையும் குரங்குகளையும் நிச்சயம் பார்க்கலாம்.

பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் அதிகாலையில் போக வேண்டும். மாங்குயில், மயில், மரங்கொத்தி, இருவாச்சி எல்லாம் விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். வெயில் ஏறிவிட்டால் மரத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு கறுப்புப் பறவை இருக்கிறது. வாலில் இரண்டு நீண்ட கம்பியும் அதன் நுனியில் துடுப்பும் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்வதில் அது கில்லாடி.

குறிஞ்சிக்கு ஒரு தங்கை

கொடைக்கானலில் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும். 2018-ம் ஆண்டு பூத்தது. அதே இனத்தைச் சேர்ந்த செடி ஒன்று மும்பைக் காட்டிலும் உண்டு. அதன் பெயர் கார்வி. இது 8 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். 2008, 2016, 2024-ம் ஆண்டுகளில் மழைக்காலக் கடைசியில் மலைச்சரிவே ஊதா நிறமாக மாறியது. கணக்குப்படி அடுத்த பூப்பு 2032-ம் ஆண்டு. பூத்து முடிந்ததும் செடி விதை போட்டுவிட்டுப் பட்டுப்போகும்.

காட்டுக்குள் வார்லி ஆதிவாசிகளின் சிற்றூர்கள் இருக்கின்றன. மும்பை என்ற பெருநகரம் உருவாவதற்கு முன்பிருந்தே இந்தப் பகுதியில் வாழ்கிறவர்கள் அவர்கள். கார்விக் குச்சிகளை வரிசையாகக் கட்டி, அதன் மேல் மண் பூசிச் சுவர் எழுப்புவது அவர்களுடைய வழக்கம். 

ஆயிரம் ஆண்டுத் தொட்டிகள்

பூங்கா வாசலில் இருந்து சுமார் 6 கிலோ மீட்டர் உள்ளே போனால் கான்ஹேரி குகைகள். கறுப்புப் பாறையைக் குடைந்து செய்த குகைகள் நூற்றுக்கும் மேல் உள்ளன. கிறிஸ்து பிறப்பதற்கு முன் தொடங்கி ஆயிரம் ஆண்டுக் காலம் இங்கே புத்தத் துறவிகள் தங்கினார்கள். கல்யாணிலும், இன்று நாலாசோபாரா என்று சொல்கிற சோபாராவிலும் இருந்த வியாபாரிகள் கொடுத்த நன்கொடைகள் கல்வெட்டுகளில் பதிவாகி இருக்கின்றன.

பெரிய குகைக்குள் தூண் வரிசையைப் பார்த்து எல்லாரும் அதிசயிப்பார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது குகைகளுக்குப் பக்கத்தில் பாறையில் வெட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டிகளை. மலை மேல் விழும் மழைநீர் வீணாகாமல் சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டி, தொட்டியில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நான்கு மாதம் மழை, எட்டு மாதம் வறட்சி என்ற மும்பையின் கணக்கு அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் துறவிகள் செய்ததைத்தான் பின்னால் வெள்ளைக்காரர்கள் பெரிய அளவில் செய்தார்கள். காட்டுக்குள் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். விகார் ஏரி 1860-ம் ஆண்டும், துளசி ஏரி 1879-ம் ஆண்டும் தயாராயின. பம்பாய்க்குக் குழாய்த் தண்ணீர் வந்தது விகார் ஏரியில் இருந்துதான். இன்றைக்கு நகரத்துக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி தொலைதூர அணைகளில் இருந்து வருகிறது. இருந்தாலும் இந்த இரண்டு ஏரிகளும் தங்கள் பங்கை இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. சுற்றிலும் காடு இருப்பதால் மண் சரிந்து ஏரியில் விழாமல் இருக்கிறது. சாக்கடையும் கலப்பது இல்லை. காட்டை வெட்டினால் ஏரியும் போய்விடும்.

சிறுத்தை வருவது ஏன்?

மும்பைக் காடு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது சிறுத்தையைப் பற்றித்தான். பயப்படவும் காரணம் உண்டு.

இந்தக் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் 2015-ம் ஆண்டு கணக்கெடுத்தபோது 35 சிறுத்தைகள் இருந்தன. 2018-ம் ஆண்டு 47. மரத்தில் தானியங்கிக் காமிராக்களைக் கட்டி வைத்து இரவில் படம் பிடிக்கிறார்கள். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அப்படிச் சிறுத்தைக்கு உடம்புப் புள்ளி. ஒன்றின் புள்ளிபோல் இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள்.

2004-ம் ஆண்டு ஜூன் மாதம் மும்பை நடுங்கிப் போயிற்று. காட்டோரக் குடியிருப்புகளில் அடுத்தடுத்துப் பலர் சிறுத்தை தாக்கி இறந்தார்கள். காரணம் என்ன என்று ஆராய்ந்தவர்கள் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். ஒன்று, வேறு ஊர்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டது. பழகாத இடத்தில் விடப்பட்ட மிருகம் மிரண்டு அலையும். இன்னொன்று, குப்பை.

குப்பைக்கும் சிறுத்தைக்கும் என்ன சம்பந்தம்? காட்டோரத்தில் கோழிக்கடைக் கழிவும் எச்சில் சோறும் மலைபோல் குவிகின்றன. அதைத் தின்ன நாய்கள் கூடுகின்றன. சிறுத்தைக்கு நாய் என்றால் உயிர். மானைத் துரத்துவதைவிடத் தெருநாயைக் கவ்வுவது சுலபம். குப்பை நாயை அழைக்கிறது. நாய் சிறுத்தையை அழைக்கிறது.

பிறகு வனத்துறை தன் முறையை மாற்றிக்கொண்டது. கண்டபடி கூண்டு வைத்துப் பிடித்து வேறு இடத்தில் விடுவது குறைக்கப்பட்டது. 2011-ம் ஆண்டு முதல் ஊர்மக்கள், போலீசார், மாணவர்கள் எல்லாரையும் சேர்த்துக் காட்டோரப் பகுதிகளில் விழிப்புப் பிரசாரம் நடந்தது. தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. அடியோடு நின்றுவிடவில்லை. காட்டின் தென்புறத்தில் உள்ள ஆரே பகுதியில் 2021-ம் ஆண்டு சிறுத்தை பலரைத் தாக்கியது. 2022-ம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கே ஒரு பச்சிளம் குழந்தை பலியானது. 

வார்லி மக்கள் வாகோபா என்று ஒரு தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். புலி, சிறுத்தை உருவத்தில் உள்ள சாமி. திருநெல்வேலிக் கிராமங்களில் சுடலைமாடனுக்குப் படையல் போடுவதுபோல் அதற்கும் பூசை உண்டு. மிருகமும் காட்டில் ஒரு பங்காளி என்பது அவர்கள் எண்ணம். இரவில் தனியாகப் போகாமல், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எச்சரிக்கையாக நடமாடுவதும் அவர்களுக்குப் பழக்கம்.

காட்டோரக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டியது இதுதான்:

இருட்டியபின் குழந்தைகளைத் தனியாக வெளியே விடக்கூடாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஆளைச் சிறுத்தை சிறிய இரை என்று நினைத்துவிடும். ஆகவே திறந்தவெளிக்குத் தனியாகப் போகக்கூடாது. போக நேர்ந்தால் துணைக்கு ஆள், கையில் விளக்கு, வாயில் பேச்சு மூன்றும் வேண்டும். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடிக் கல் எறியக்கூடாது. அது தப்பி ஓட வழி விட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வளைத்துக்கொண்ட மிருகம்தான் பாயும். எல்லாவற்றுக்கும் மேல், குப்பையைக் காட்டோரத்தில் கொட்டக்கூடாது.

பகலில், குறித்த பாதையில், குடும்பத்தோடு பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பயப்பட வேண்டியது இல்லை. சிறுத்தை மனிதக் கூட்டத்தைக் கண்டால் விலகிப் போகிற பிராணி.

யாருடைய காடு?

இந்தக் காட்டைக் காப்பாற்ற ஏழைகளும் விலை கொடுத்திருக்கிறார்கள். காட்டு நிலத்தில் இருந்த குடிசைகளை அகற்ற 1997-ம் ஆண்டு மும்பை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. இருந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். மாற்று வீட்டுக்காகப் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தன.

மறுபுறம், காட்டின் எல்லையை ஒட்டி மாடிக் கட்டிடங்கள் எழும்பின. "ஜன்னலைத் திறந்தால் காடு" என்று விளம்பரம் செய்து வீடு விற்றார்கள். 2019-ம் ஆண்டு அக்டோபரில் ஆரேயில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக இரண்டே நாட்களில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. அதை எதிர்த்து மாணவர்களும் ஆதிவாசிகளும் இரவோடு இரவாகத் திரண்டார்கள்.

குடிசை இருந்த இடம் காடாகி இருக்கிறது என்றால் அந்தக் காட்டுக்குள் நடக்கும் உரிமை குடிசைவாசிக்கும் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு அவரும் தலைநிமிர்ந்து உள்ளே போகலாம்.

மித்தி ஆறு போகும் வழி

விகார் ஏரியும் பக்கத்தில் உள்ள பவாய் ஏரியும் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அதுதான் மித்தி ஆறு. குர்லா வழியாக ஓடி, தாராவியைத் தொட்டு, மாகிம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. சயானுக்கும் பாந்திராவுக்கும் நடுவே கறுப்பாக, நாற்றம் அடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து "சாக்கடை" என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறார்களே, அதுவேதான். காட்டில் பிறக்கும்போது அது தெளிந்த தண்ணீர்!

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதியை மும்பைக்காரர்கள் மறக்க முடியாது. சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரை புரண்டது. குர்லா, கலினா, தாராவி எல்லாம் தண்ணீரில் மிதந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் பலியானார்கள். ஆற்றின் கரையைக் குறுக்கியதும், குப்பையால் அடைத்ததும், கரையோரச் சதுப்புநிலக் காட்டை அழித்ததும் வெள்ளத்தை மோசமாக்கின என்று பிறகு எல்லாரும் பேசினார்கள்.

அந்த ஆற்றங்கரையில், தாராவி பஸ் டெப்போவுக்கு எதிரே, 37 ஏக்கரில் ஒரு சோலை இருக்கிறது. பெயர் மராட்டிய இயற்கைப் பூங்கா. சயான் ரயில் நிலையத்தில் இருந்து அதிக தூரம் இல்லை. வாசல் வழியாகத் தினமும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் போகிறார்கள். உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

குப்பை மேடு சோலை ஆன கதை

1970-களில் இந்த இடம் நகரத்தின் குப்பை மேடு. லாரி லாரியாகக் குப்பை வந்து விழுந்தது. புகையும் நாற்றமும் பக்கத்துக் குடிசைகளைச் சூழ்ந்திருந்தன. பிறகு குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. மக்கிய குப்பைமேல் மண்ணைப் பரப்பி, மரக்கன்றுகளை நட்டார்கள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். "குப்பையில் என்ன முளைக்கும்?" என்றார்கள்.

மக்கிய குப்பை உரமானது. கன்று மரமானது. மரத்துக்கு வண்ணத்துப்பூச்சி வந்தது. அதைத் தொடர்ந்து பறவை வந்தது. 1994-ம் ஆண்டு பூங்கா திறந்துவைக்கப்பட்டது. இன்று உள்ளே நின்றால் வெளியே பஸ் ஓடுவதே தெரியாது.

தேன்சிட்டு, மீன்கொத்தி, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் இங்கே உண்டு. கன்னான் பட்டறையில் சுத்தியல் தட்டுவதுபோல் "டொக், டொக்" என்று ஓயாமல் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பட்டறை எதுவும் இல்லை. மரத்தின் உச்சியில் ஒரு கையளவு குக்குறுவான் பறவை உட்கார்ந்து குரல் கொடுக்கிறது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு.

முழுநாள் செலவழிக்க முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், வயதான தாய் தந்தையை அழைத்துவர விரும்புகிறவர்கள் முதலில் இங்கே வரலாம். சமதரையில் நடக்கலாம். அரை நாள் போதும்.

இளஞ்சிவப்பு விருந்தாளிகள்

மித்தி ஆறு மேற்கே கடலில் கலக்கிறது. மும்பைக்குக் கிழக்கே இன்னொரு நீர்ப்பரப்பு உண்டு. அது தானே கழிமுகம். இந்தப் பக்கம் மும்பை, அந்தப் பக்கம் நவி மும்பை. தொழிற்சாலைகள், எண்ணெய்த் தொட்டிகள், பாலங்கள். இவற்றுக்கு நடுவே சேற்றுத் திட்டில் நவம்பர் வாக்கில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. மே மாதம் வரை இருந்துவிட்டு, மழைக்கு முன் கிளம்பிவிடுகின்றன.

நீண்ட கால், வளைந்த கழுத்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமான இறகு. கூட்டமாக எழும்பினால் வானமே சிவந்ததுபோல் இருக்கும். 1990-களில் இருந்து இவை பெருங்கூட்டமாக இங்கே வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் எண்ணிப் பார்த்தபோது சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தையும் தாண்டியது. குஜராத்தின் கட்ச் பாலைவனச் சதுப்புகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் இவை.

பூநாரை சாப்பிடும் விதமே வேடிக்கை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகில் உள்ள சல்லடையில் கண்ணுக்குத் தெரியாத பாசி தங்கிவிடும். அந்தப் பாசியில் உள்ள சாயச் சத்துதான் இறகுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. குஞ்சாக இருக்கும்போது பூநாரை சாம்பல் நிறம். தின்னத் தின்னத்தான் சிவக்கிறது!

நகரத்துச் சாக்கடைக் கழிவு கலப்பதால்தான் இங்கே பாசி பெருகியது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் சாக்கடை நல்லதா? அளவோடு உரம் போட்டால் பயிர் விளையும். அளவு மீறினால் கருகும். ஆலைக் கழிவும் பிளாஸ்டிக்கும் சேரச் சேர, பாசியும் அழியும், மீனும் அழியும், பறவையும் வராது. இந்தக் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் கோலி மீனவர்களின் வலையும் வெறுமையாகும்.

2015-ம் ஆண்டு இந்தக் கழிமுகத்தில் 1,690 ஹெக்டேர் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதில் பாதிக்கு மேல் சதுப்புநிலக் காடு. பிச்சாவரத்தில் படகில் போய்ப் பார்க்கிறார்களே, அதே வகை. 2022-ம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்தது.

பட்டியலில் சேர்ந்ததால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2024-ம் ஆண்டு மே மாதம் ஓர் இரவு, காட்கோபர் பகுதியில் தரை இறங்க வந்த விமானத்தில் பூநாரைக் கூட்டம் மோதியது. சுமார் 40 பறவைகள் செத்து வீதியில் விழுந்தன. சிவ்ரியில் இருந்து புறப்படும் நீண்ட கடல் பாலமும் அதே ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. மேய்வதற்கும் இளைப்பாறுவதற்கும் பறவைகளுக்குக் கிடைக்கும் இடம் ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டு வருகிறது.

ஐரோலியில் வனத்துறையின் மையத்தில் இருந்து பூநாரைக் காலத்தில் படகு விடுகிறார்கள். ஓதம் ஏறி இருக்கும்போதுதான் படகு போகும். நேரம் தினமும் மாறும். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. படகுக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் சிவ்ரி ரயில் நிலையத்தில் இறங்கி, துறைமுகப் பக்கம் கரையில் இருந்து பார்க்கலாம். முன்போல் அத்தனை நெருக்கமாகப் பறவைகள் இங்கே வருவது இல்லை. ஆனாலும் ஓதம் ஏறத் தொடங்கும் நேரத்தில், சேற்றுத் திட்டுச் சுருங்கச் சுருங்க, அவை கரையை நோக்கி நகர்ந்து வரும்.

சிறுவனும் சிட்டுக்குருவியும்

பறவை பார்க்கப் பெரிய படிப்பு வேண்டுமா? வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, பம்பாய் கேத்வாடியில் வளர்ந்த ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. "இது என்ன குருவி?" என்று கேட்டுக்கொண்டு இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே அடுக்கி வைத்திருந்த பறவைகளைப் பார்த்து மலைத்துப் போனான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் இந்தியப் பறவைகளைப் பற்றி 1941-ம் ஆண்டு புகழ்பெற்ற நூலை வெளியிட்ட சலீம் அலி. ஒரு கேள்வியில் தொடங்கியது அவருடைய படிப்பு.

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. தாராவியில் வாழும் நெல்லைச் சீமைக்காரர்கள் பலருக்கு அது பழக்கமான ஊர். அங்கே பூநாரைகள் குளத்துக்கு வருகின்றன. மற்றப் பறவைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பது இல்லை. சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த மக்கள் பறவைகளைக் காத்தார்கள். சொந்த ஊரில் இருக்கும் அந்தப் பண்பு பிழைக்க வந்த ஊரிலும் தொடர்வதற்கு என்ன தடை?

போகும் முன்பு

சஞ்சய் காந்தி பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால் விசாரித்துக்கொண்டு போகவும். மழை விட்ட அக்டோபரில் இருந்து பிப்ரவரி வரை சுகமான காலம். மழைக்காலத்தில் காடு பச்சைப் பசேல் என்று இருக்கும். பாறை வழுக்கும், ஓடையில் திடீர் வெள்ளம் வரும். ஓடைக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள் உடையைத் தவிர்க்கலாம். ரேடியோ, செல்போன் பாட்டு வேண்டாம். பாட்டுக் கேட்க வீடு இருக்கிறது. குரங்குக்குத் தீனி போட்டால் அது பிடுங்கித் தின்னப் பழகிக்கொள்ளும். பிறகு பிள்ளைகளின் கையைக் கடிக்கும். சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் தூக்குச்சட்டியிலோ டப்பாவிலோ கொண்டுபோகலாம். பிள்ளைகள் கையில் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் கொடுத்து, பார்த்த பறவையையும் மரத்தையும் எழுதச் சொல்லலாம். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாலின் நீளத்தையும் எழுதட்டும்.

சாப்பிட்ட இலையும் எச்சில் சோறும் காட்டில் கிடந்தால் நாய் வரும். நாய் வந்தால் சிறுத்தை வரும். அது வந்து நிற்கப்போவது காட்டோரக் குடிசையின் வாசலில். ஆகவே கொண்டுபோன டப்பாவோடு குப்பையும் வீடு திரும்பட்டும்.